பகுத்தறிவுவாதம் எங்கே பிறந்தது? ஐயத்திலா, கணக்கிலா?

#1 வைகைக்கரை

உறுதியான அறிவுக்கு அடிப்படை புலன்கள் அல்ல, பகுத்தறிவே என்ற ஐரோப்பியப் பகுத்தறிவுவாதத்தின் கதையை எந்தப் பாடப்புத்தகத்தில் திறந்தாலும் அது ஒரே மாதிரிதான் தொடங்கும். பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டெகார்ட் கணப்பு எரியும் அறையில் தனியாக உட்கார்ந்தார், எல்லாவற்றையும் சந்தேகித்தார், ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார், அங்கிருந்து நவீனத் தத்துவம் கிளம்பியது. காலவரிசையை எடுத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது என்பது என் கருத்து.

1618இல் டெகார்ட்டுக்கு 22 வயது. சட்டம் படித்து முடித்துவிட்டு, டச்சு நாட்டின் பிரேடா நகரில் நாசாவ் இளவரசர் மாரிஸின் படையில் சம்பளமில்லாத வீரராகச் சேர்ந்திருக்கிறார். நவம்பர் 10 அன்று ஐசக் பீக்மன் என்பவரைச் சந்திக்கிறார். பீக்மன் மெழுகுவர்த்தி செய்தவர், தண்ணீர்க் குழாய் பதித்தவர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இயற்கையைக் கணக்கில் கொண்டுவர முயன்றவர். இருவரும் சேர்ந்து, கீழே விழும் பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது, பாத்திரத்தின் அடியில் நீர் எவ்வளவு அழுத்தம் தருகிறது, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் என்ன விகிதம் என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள். இயற்பியலையும் கணிதத்தையும் ஒட்டவைக்கத் தெரிந்தவர்கள் மிக அரிது என்று பீக்மன் தன் குறிப்பேட்டில் எழுதினார். 1619 மார்ச்சில் டெகார்ட் அவருக்கு எழுதிய கடிதத்தில், அளவு சம்பந்தப்பட்ட எந்தக் கேள்வியையும் தீர்க்கக்கூடிய முற்றிலும் புதிய அறிவியல் ஒன்றை உருவாக்கப்போவதாகச் சொல்கிறார். உலகமே கனவாக இருக்குமோ என்ற கவலைக்கு அங்கே இடமே இல்லை.

அந்த ஐயம் அச்சில் வருவது 1637இல். முழு உருவம் எடுப்பது 1641இல் வெளியான ‘தியானங்கள்’ நூலில். அந்த நூல் வெளிவரும் ஆண்டின் ஜனவரியில் பாரிஸில் இருந்த நண்பர் மெர்செனுக்கு ஒரு கடிதம் போகிறது: இந்த ஆறு தியானங்களில் என் இயற்பியலின் அடித்தளம் முழுக்க இருக்கிறது, ஆனால் தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள், அரிஸ்டாட்டில் பக்கம் நிற்பவர்கள் தெரிந்துகொண்டால் ஏற்க மறுப்பார்கள் என்கிறார். எழுதியவரே இப்படிச் சொன்ன பிறகு, கணிதம் வழியாக வந்த இயற்பியல்தான் வேர், ஐயம் என்பது அதற்கு நிலம் ஒதுக்கப் பயன்பட்ட கருவி என்று படிப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

#2 பழைய ஏடு

பிரேடா பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கணிதக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பீக்மனே இருந்தார். எதையாவது உறுதியாக அறிய முடியுமா என்ற கேள்வியை அவர் ஏன் தூக்கிக்கொண்டு அலையவில்லை? டெகார்ட் ஏன் அலைந்தார்? கணக்கில் இதற்குப் பதில் கிடைக்காது.

1562இல் ஆன்ரி எஸ்தியேன் என்ற பதிப்பாளர், செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்ற பழைய கிரேக்க மருத்துவர் எழுதிய ஐயவாத நூலை லத்தீனில் கொண்டுவந்தார். இடைக்கால ஐரோப்பாவில் கிட்டத்தட்ட யாருமே படிக்காத நூல் அது. 1569இல் அவருடைய மற்ற நூல்களும் வந்துவிட்டன. செக்ஸ்டஸின் பிடி மிக எளிமையானது. எது உண்மை என்று தீர்மானிக்க உன்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறதா? சரி, அந்த அளவுகோல் சரிதான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? இன்னோர் அளவுகோலை வைத்தா? அப்படியானால் முடிவே இல்லை. அதையே வைத்தா? அப்படியானால் வட்டத்தில் சுற்றுகிறாய். ஆகவே தீர்ப்பு சொல்லாமல் நிறுத்திக்கொள்.

அமைதியான காலத்தில் இது வகுப்பறைப் புதிராக இருந்திருக்கும். ஆனால் அதே 1562இல்தான் பிரான்சில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கும் இடையே போர் மூண்டது. வேதமும் மனசாட்சியும்தான் அளவுகோல் என்றது ஒரு பக்கம். திருச்சபையும் மரபும்தான் அளவுகோல் என்றது மறுபக்கம். எந்த அளவுகோல் சரி என்பதற்கு அளவுகோல் இல்லை. செக்ஸ்டஸ் எழுதிவைத்த அதே சிக்கல், இங்கே ரத்தம் சிந்தவைத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மான்டேன் தன் நூலக அறையின் உத்தரங்களில் செக்ஸ்டஸின் வாசகங்களை எழுதிவைத்திருந்தார். தராசு பொறித்த பதக்கம் ஒன்றும் செய்துவைத்துக்கொண்டார். ‘எனக்கு என்ன தெரியும்?’ என்ற அவருடைய கேள்வி ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது.

டெகார்ட் இந்தக் காற்றில்தான் வளர்ந்தார். தத்துவத்தில் சிறந்த மூளைகள் பல நூற்றாண்டுகள் உழைத்தும், சர்ச்சைக்கு அப்பாற்பட்ட விஷயம் ஒன்றுகூட அதில் இல்லை என்று 1637 நூலில் அவரே சொல்கிறார். தத்துவ வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பாப்கின் 1960இல் இந்த வாதத்தை விரிவாக முன்வைத்தார். அதன் பிறகு ஐயவாத நெருக்கடியை ஒதுக்கிவிட்டு இந்தத் தொடக்கத்தைப் பேச முடியாது என்பதே என் நிலை.

#3 கணக்கு டீச்சர்

தத்துவம் எனக்குப் பின்னால் வந்த ஆசை. பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் ‘கணிதம், கணிதம்’ என்கிறார்கள், டெகார்ட் கணிதத்தில் என்ன செய்தார் என்று யாரும் காட்டவில்லை. ஒரே ஒரு படம் போதும். தாளும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கர்களுக்கு ஒரு நீளத்தை இன்னொரு நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது பரப்பு. மூன்று நீளங்களைப் பெருக்கினால் கன உருவம். நான்கைப் பெருக்கினால்? அப்படி ஓர் உருவமே இல்லை, ஆகவே அந்தப் பேச்சுக்கே பொருளில்லை. நீளத்தோடு நீளத்தைத்தான் கூட்டலாம், பரப்போடு பரப்பைத்தான் கூட்டலாம். குறியீட்டு இயற்கணிதத்துக்கு வழி திறந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் வியத்தும் இந்த வேலியைத் தாண்டவில்லை.

இப்போது ‘க’ என்ற புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் விரியட்டும். முதல் கோட்டில் 1 அலகு தூரத்தில் ‘ச’, 3 அலகு தூரத்தில் ‘ட’. இரண்டாவது கோட்டில் 4 அலகு தூரத்தில் ‘த’. ‘ச’வையும் ‘த’வையும் இணையுங்கள். ‘ட’ வழியாக அதற்கு இணைகோடு வரையுங்கள். அது இரண்டாவது கோட்டை வெட்டும் இடம் ‘ப’. க-விலிருந்து ப எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 12 வரும். வடிவொத்த முக்கோணங்கள், அவ்வளவுதான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டுகிற விஷயம்.

ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். 3ஐயும் 4ஐயும் பெருக்கினோம், கிடைத்தது பரப்பு அல்ல, இன்னொரு நீளம். ‘1 அலகு’ என்று ஒன்றை நாமே தேர்ந்தெடுத்ததால் இது முடிந்தது. இனி நாலாம் படி, ஐந்தாம் படி எதுவானாலும் ஒரு கோடுதான். வளைகோட்டைச் சமன்பாடாக எழுதலாம். தெரியாத அளவுக்கு எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகளை வைப்பதும் இங்கிருந்துதான் நம் பாடப்புத்தகத்துக்கு வந்தது. இதெல்லாம் ‘வடிவியல்’ என்ற நூலின் முதல் சில பக்கங்களில் இருக்கிறது. அந்த நூல், 1637இல் லைடனில் பெயர் போடாமல் வெளியான ‘முறை பற்றிய உரை’யோடு சேர்ந்து வந்த மூன்று கட்டுரைகளில் ஒன்று. நாம் தத்துவ நூல் என்று தனியாகப் படிக்கிற அந்த ‘உரை’, இந்த மூன்று கட்டுரைகளுக்கு எழுதிய முன்னுரை.

வேறு வேறு இனம் என்று நினைத்த அளவுகளை ஒரே இனமாக்கி, எளியதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதுக்குப் போவது. ‘உரை’யின் இரண்டாம் பகுதியில் வரும் நான்கு விதிகளும் இந்த வேலையைச் செய்து பார்த்தவர் எழுதிய விதிகளாகத்தான் எனக்குத் தெரிகின்றன. நான் வைகைக்கரை பக்கம்.

#4 முதலாண்டு

தத்துவம் முதலாண்டு படிக்கிறேன். எங்கள் நோட்ஸில் ‘பகுத்தறிவுவாதிகள் புலன் அனுபவத்தை நிராகரித்தனர், அனுபவவாதிகள் பகுத்தறிவை நிராகரித்தனர்’ என்று இருக்கிறது. அப்படியானால் டெகார்ட் சோதனையே செய்யவில்லையா?

#5 வைகைக்கரை

தம்பி, பரீட்சைக்கு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மனதில் மட்டும் அந்த வரியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

டீச்சர் சொன்ன மூன்று கட்டுரைகளில் இன்னொன்று வானிலை பற்றியது. அதன் எட்டாம் பகுதி வானவில். டெகார்ட் ஒரு பெரிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு மழைத்துளிக்குப் பதிலாக வைத்துக்கொள்கிறார். வெயிலில் வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கிறார். சூரியக் கதிருக்கும் கண்ணுக்கு வரும் கதிருக்கும் இடையே சுமார் 42 பாகைக் கோணம் வரும்போது குடுவையின் ஓர் இடம் பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிறது. சற்றே நகர்த்தினால் மற்ற நிறங்கள். சுமார் 52 பாகையில் மங்கலாக இன்னொரு சிவப்பு, அது இரண்டாவது வில்லுக்கு உரியது. குடுவையை இங்கேயும் அங்கேயும் மறைத்து, ஒளி எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வெளிவருகிறது என்று தடம் பிடிக்கிறார். அப்புறம் உட்கார்ந்து, துளியின் வெவ்வேறு இடங்களில் விழும் கதிர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அட்டவணை போடுகிறார். கதிர்கள் ஏன் அந்தக் கோணத்தில் போய்க் குவிகின்றன என்பது அந்த அட்டவணையில் தெரிந்துவிடுகிறது.

உடற்கூறு விஷயத்திலும் இப்படித்தான். ஆம்ஸ்டர்டாமில் ஒரு குளிர்காலம் முழுக்க அநேகமாக நாள்தோறும் கசாப்புக் கடைக்குப் போய், வெட்டிய விலங்கின் உறுப்புகளை வீட்டுக்கு வரவழைத்து அறுத்துப் பார்த்ததாக மெர்செனுக்கு எழுதியிருக்கிறார்.

அப்படியானால் பகுத்தறிவுவாதி என்று எப்படிச் சொல்வது? இரண்டாம் தியானத்தில் வரும் மெழுகுத் துண்டைப் படியுங்கள். தேனடையிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தேனின் ருசி கொஞ்சம் இருக்கிறது, பூவின் மணம் இருக்கிறது, தொட்டால் குளிர்ச்சி, தட்டினால் சத்தம். நெருப்பருகே கொண்டுபோனதும் ருசி போகிறது, மணம் போகிறது, நிறம் மாறுகிறது, உருகித் திரவமாகிறது. புலன்கள் சொன்ன எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். அந்த ‘அதே’ என்பதை எந்தப் புலன் கொடுத்தது? எண்ணிலடங்காத வடிவங்களை எடுக்கக்கூடிய ஒரு பரிமாணமுள்ள பொருள் என்று மனம்தான் புரிந்துகொள்கிறது என்பது அவர் பதில். கண்ணை மூடிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. கண் கொடுப்பதை அறிவாக்குவது எது என்று கேட்கிறார்.

#6 செமினரி நூலகம்

ஐயம், கணக்கு என்று இரண்டே வேர்களைப் பேசுகிறீர்கள். மூன்றாவதாக ஒன்று எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. இந்த ஆள் எங்கே படித்தார்?

லா ஃப்ளேஷ் என்ற ஊரில், நான்காம் ஆன்ரி அரசர் 1604இல் இயேசு சபையினருக்குக் கொடுத்த கல்லூரியில் படித்தார். அங்கே அரிஸ்டாட்டிலைப் போர்ச்சுகலின் கோயிம்பிராவில் இயேசு சபையினர் எழுதிய உரைகளோடு சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சபையின் கணிதவியலாளர் கிளாவியஸ் வலியுறுத்திச் சேர்த்த கணிதமும் அதே பாடத்திட்டத்தில் இருந்தது. ஆகவே நீங்கள் பேசுகிற கணிதமேகூடப் பாதிரிமார் கொடுத்ததுதான். ஐயத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாகச் சொன்னவர், மூன்றாம் தியானத்தில் கடவுளை நிறுவும்போது என்ன செய்கிறார்? விளைவில் எவ்வளவு மெய்ம்மை உண்டோ அவ்வளவாவது காரணத்தில் இருக்க வேண்டும் என்கிறார். இது இயல்பான அறிவொளியாலேயே தெரியும் என்றும் சொல்கிறார். அந்தச் சொற்களும் வகைப்பாடுகளும் அப்படியே இடைக்காலப் பள்ளித் தத்துவத்தின், அதாவது ஸ்கொலாஸ்டிக் தத்துவத்தின் சரக்கு. தத்துவ வரலாற்றாசிரியர் எத்தியேன் ஜில்சோன் 1913இல் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்.

‘சிந்திக்கிறேன்’ விஷயத்துக்கு வருவோம். நான் தவறு செய்தால்கூட நான் இருக்கிறேன் என்று புனித அகஸ்டின் ‘கடவுளின் நகர’த்தின் பதினோராம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபோது டெகார்ட் லைடன் நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பார்த்துவிட்டு, 1640இல் நன்றி சொல்லி எழுதினார். அகஸ்டின் இதை வைத்து நம்முள் திரித்துவத்தின் சாயலைக் காட்டுகிறார், நானோ சிந்திக்கிற ‘நான்’ பருப்பொருள் அல்லாதது என்று காட்டுகிறேன் என்று வேறுபாட்டையும் சொன்னார். வேறுபாடு உண்மைதான். ஆனால் உள்ளே திரும்பி, அங்கிருந்து கடவுளுக்குப் போய், அப்புறம் உலகத்துக்கு வரும் அந்தப் பாதை அகஸ்டின் போட்ட பாதை.

#7 குறிஞ்சி

அகஸ்டின் வரை போனால் பாரசீகத் தத்துவஞானி இப்னு சினாவை விட முடியாதே. அவர் சொன்ன கற்பனைச் சோதனை இது. ஒரு மனிதன் திடீரென்று முழு வளர்ச்சியோடு படைக்கப்பட்டு வெட்டவெளியில் மிதக்கிறான், கண் மறைக்கப்பட்டிருக்கிறது, கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. உடல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் தான் இருப்பது தெரியும். டெகார்ட்டுக்கு 600 ஆண்டுகள் முன்னால்! 12ஆம் நூற்றாண்டில் டொலேடோவில் அது லத்தீனுக்கும் வந்துவிட்டது. ஐரோப்பிய வரலாறு எழுதும்போது இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

#8 பழைய ஏடு

வேதனை நியாயமானது. ஆனால் ஒத்த சிந்தனை வேறு, கைக்குக் கை மாறிய சிந்தனை வேறு. டெகார்ட் அந்தப் பகுதியைப் படித்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இடைக்கால உளவியல் உரைகள் வழியாக ஏதோ வடிவத்தில் வந்திருக்கலாம், அதற்கு மேல் போனால் ஊகம்.

உறுதியான கைமாற்றம் வேண்டுமென்றால் 12ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அரபியில் எழுதிய இப்னு துபைலைப் பாருங்கள். தீவில் தனியாக வளர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தன் அறிவாலேயே கடவுள் வரை சிந்தித்துப் போகும் ஹய்யின் கதை. ஆக்ஸ்போர்டில் 1671இல் லத்தீனில் அச்சானது. மறு ஆண்டே டச்சு மொழியில் வந்தது. அதை மொழிபெயர்த்தவராகக் கருதப்படும் போமேஸ்தர், டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவின் நண்பர். அதாவது பகுத்தறிவுவாதத்தின் இரண்டாம் தலைமுறை உட்கார்ந்து பேசிய மேசையில் அந்த நூல் இருந்தது.

#9 செண்பகம்

இத்தனை ஆண்களின் பெயர் வந்துவிட்டது, இளவரசி எலிசபெத்தின் பெயர் இன்னும் வரவில்லை. அவர் இல்லாமல் இந்தத் தொடக்கத்தைப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

பொகீமியாவின் அரியணையை இழந்து ஹேக் நகரில் தஞ்சம் புகுந்த குடும்பத்தின் மூத்த மகள். 1643 மே மாதம் டெகார்ட்டுக்கு எழுதும்போது 24 வயது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆன்மா என்பது வெறும் சிந்திக்கும் பொருள், அதற்கு நீள அகலம் கிடையாது என்கிறீர்கள். ஒரு பொருளை நகர்த்த வேண்டுமென்றால் தள்ள வேண்டும், தள்ளத் தொட வேண்டும், தொட மேற்பரப்பு வேண்டும். அப்படியிருக்க, ஆன்மா எப்படி உடலை அசைக்கிறது?

டெகார்ட்டின் முதல் பதில் கனத்தை உவமை சொல்கிறது. கனம் கல்லைக் கீழே இழுப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோமே, அதுபோல என்கிறார். எலிசபெத் விடவில்லை. கனத்தைப் பற்றிய அந்தப் பழைய எண்ணத்தைத் தவறென்று நிராகரித்தவரே நீங்கள்தானே, அதை வைத்து எனக்கு எப்படி விளக்குகிறீர்கள் என்கிறார். பருப்பொருளே இல்லாத ஒன்று உடலை அசைக்கிறது என்பதை ஏற்பதைவிட, ஆன்மாவுக்கும் பருமை உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்றும் எழுதுகிறார். ‘தியானங்க’ளுக்கு வந்த எதிர்வாதங்களில் ஹாப்ஸ், கஸ்ஸாண்டி, ஆர்னோ எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் இவ்வளவு துல்லியமாக யாரும் கை வைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு டெகார்ட் தரும் பதில்தான் இந்த இழைக்கு முக்கியம். ஆன்மாவும் உடலும் ஒன்றாயிருப்பதைத் தூய அறிவால் புரிந்துகொள்ள முடியாது, அன்றாட வாழ்க்கையிலும் சாதாரணப் பேச்சிலும்தான் உணர முடியும் என்கிறார். கற்பனையை ஈடுபடுத்தும் சிந்தனைக்கு நாளுக்குச் சில மணி நேரம்தான் கொடுத்தேன், தூய அறிவை மட்டும் பயன்படுத்தும் சிந்தனைக்கு ஆண்டுக்குச் சில மணி நேரம்தான், மற்றதெல்லாம் புலன்களின் ஓய்வுக்கு என்கிறார். கற்பனை என்று அங்கே சொல்வது கணிதத்தை. பகுத்தறிவுவாதத்தின் தந்தை என்று நாம் அழைக்கிறவர் எழுதியது இது!

1644இல் வந்த ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ எலிசபெத்துக்குச் சமர்ப்பணம். 1649இல் வந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ அவர்களுடைய கடிதப் போக்குவரத்திலிருந்து வளர்ந்தது. தன் கடிதங்களை வெளியிட எலிசபெத் சம்மதிக்கவில்லை, அவை 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சைக் கண்டன. அதனால் பழைய தத்துவ வரலாறுகளில் அவர் சமர்ப்பணப் பக்கத்துப் பெயராக நின்றுவிட்டார்.

#10 முதலாண்டு

நன்றி செண்பகம் அக்கா, அந்தக் கடிதங்களைத் தேடிப் படிக்கிறேன். ஸ்பினோசாவும் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிஸும் இதில் எங்கே வருகிறார்கள்? மூவரையும் ஒரே கட்சியாகப் படிக்கிறோம்.

#11 கணக்கு டீச்சர்

‘தியானங்க’ளைப் படித்த மெர்செனின் நண்பர்கள், இதை யூக்ளிட் மாதிரி வரையறை, அடிகோள், தேற்றம் என்று எழுதிக்கொடுங்களேன் என்று கேட்டார்கள். டெகார்ட் கொஞ்சம் எழுதிக் காட்டினார், ஆனால் அரைமனதோடுதான். கண்டுபிடித்த வழியிலேயே வாசகரை நடத்திச் செல்வதுதான் கற்பிக்கச் சிறந்த வழி, தேற்ற வடிவம் வாயை அடைக்கும், ஆனால் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று காட்டாது என்பது அவர் கருத்து. ஆசிரியையாக நானும் இதை ஆதரிக்கிறேன்.

டெகார்ட் தயங்கிய அந்த வடிவத்தை ஸ்பினோசா முழுமையாக எடுத்துக்கொண்டார். 1663இல் டெகார்ட்டின் ‘கோட்பாடுக’ளையே வடிவியல் முறையில் மாற்றி எழுதினார். அவர் வாழ்நாளில் சொந்தப் பெயரோடு வந்த ஒரே நூல் அது. ‘அறவியல்’ அவர் இறந்த 1677இல்தான் வெளிவந்தது. அதில் கோபமும் பொறாமையும்கூடக் கோடுகள், தளங்கள் மாதிரி ஆராயப்படுகின்றன. இன்னும் முக்கியமானது, எந்த ஒன்றும் இருப்பதற்கும் காரணம் வேண்டும், இல்லாமல் போவதற்கும் காரணம் வேண்டும் என்று அவர் பிடிக்கிற பிடி. இதற்கு விதிவிலக்கே கிடையாது. கடவுளின் விருப்பம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

லைப்னிஸ் 1676 நவம்பரில் ஹேக் நகருக்குப் போய் ஸ்பினோசாவைப் பார்த்தார். மிக முழுமையான இருப்பு என்ற கருத்தில் முரண்பாடு இல்லை என்று ஒரு நிரூபணம் எழுதி அவரிடம் காட்டினார். மூன்று மாதத்தில் ஸ்பினோசா காலமானார். அப்புறம் லைப்னிஸ் தன் வாழ்நாள் முழுக்க அந்த ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்ற விதியை வைத்துக்கொண்டே, எதுவும் வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது என்ற ஸ்பினோசாவின் முடிவுக்குப் போகாமல் இருக்க வழி தேடினார். கட்சி ஒன்று என்று சொல்வதைவிட, ஒருவர் விட்டுப்போன சிக்கலை அடுத்தவர் எடுத்தார் என்று படியுங்கள்.

#12 பழைய ஏடு

கட்சிப் பிரிவினை அவர்கள் செய்ததே அல்ல. ஆங்கிலத் தத்துவஞானி பேக்கன் 1620இல் அனுபவக்காரர்களை எறும்புக்கும், தன்னுள்ளிருந்தே நூல் இழுக்கிற பகுத்தறிவுக்காரர்களைச் சிலந்திக்கும் ஒப்பிட்டார், உண்மையில் வேண்டியது தேனீ என்றார். ஆனால் அவர் மனதில் இருந்தவர்கள் பழைய ஆட்கள், டெகார்ட் அப்போது ஒன்றுமே வெளியிட்டிருக்கவில்லை. அறிவின் தோற்றம் பற்றிய பிரச்சினையில் ஆங்கில அனுபவவாதி லாக்கை அரிஸ்டாட்டில் வரிசையிலும் லைப்னிஸைப் பிளேட்டோ வரிசையிலும் நிறுத்தியவர் ஜெர்மன் தத்துவஞானி கான்ட், அது 1781இல். அதை டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிஸ் ஒரு பக்கம், லாக், பார்க்லி, ஹியூம் மறுபக்கம் என்று பாடத்திட்டமாக்கியது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள். லாக்குக்குத் தத்துவத்தில் ருசி பிறந்ததே டெகார்ட்டைப் படித்துத்தான் என்று அவருக்கு நெருக்கமான டாமரிஸ் மாஷம் சீமாட்டி பதிவு செய்திருக்கிறார்.

#13 செமினரி நூலகம்

வைகைக்கரை, டீச்சர் இருவருக்கும் ஒரு கேள்வி. கணிதம்தான் வேர் என்றால், வேரை யாராவது இன்னொருவர் கையில் கொடுப்பார்களா? 1630 ஏப்ரல் 15 அன்று மெர்செனுக்கு எழுதிய கடிதத்தில், கணித உண்மைகள்கூட நிரந்தரமானவை என்று நாம் அழைத்தாலும், ஓர் அரசன் தன் நாட்டில் சட்டம் போடுவதுபோல் கடவுள் போட்டவைதான் என்கிறார். 1644இல் இன்னும் ஒரு படி போய், கடவுள் நினைத்திருந்தால் முரண்பட்ட இரண்டு கூற்றுகள் சேர்ந்தே உண்மையாக இருக்கும்படி செய்திருக்க முடியும், நம்மால் அதைக் கற்பனை செய்ய முடியாது, அவ்வளவே என்கிறார். லைப்னிஸுக்கு இது அறவே பிடிக்கவில்லை, அப்படியானால் கடவுளின் அறிவைப் புகழ என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அதே 1630 கடிதத்தில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. கடவுளையும் தன்னையும் அறிய முயல்வதில்தான் என் படிப்பைத் தொடங்கினேன், அந்த வழியில் தேடியிராவிட்டால் இயற்பியலின் அடித்தளத்தைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்கிறார். நீங்கள் காட்டிய 1641 கடிதத்துக்கு இது நேர் பதில். இயற்பியல் முன்னே, கடவுளையும் ஆன்மாவையும் பற்றிய மெய்ப்பொருளியல் அதற்குத் திரை என்ற உங்கள் வரிசை இங்கே உடைகிறது.

#14 வைகைக்கரை

கனமான சான்று. ஆனால் திரை என்று நான் சொல்லவில்லை, கருவி என்றேன். அந்தச் சொல்லை இன்னும் சரியாகச் சொல்ல இந்தக் கடிதமே உதவுகிறது.

1618க்கும் 1630க்கும் நடுவே 12 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவர் கையில் இருந்தது ‘அறிவை நெறிப்படுத்தும் விதிகள்’ என்ற நூல். அதில் ஒழுங்கும் அளவும் போதும், எதையும் அறியலாம் என்ற தெம்பு இருக்கிறது. எது கண்ணுக்குத் தெரிவதுபோல் மனதுக்குத் தெளிவாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள், அதிலிருந்து அடுத்ததற்குப் போ. தெளிவாகத் தெரிவது ஏன் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே அவரை உறுத்தவில்லை. 1628 வாக்கில் அந்த நூலைப் பாதியில் நிறுத்திவிட்டு டச்சு நாட்டுக்குப் போய்விடுகிறார். நீங்கள் காட்டிய கடிதத்திலேயே, இந்த நாட்டுக்கு வந்த முதல் ஒன்பது மாதம் இதைத் தவிர வேறெதிலும் வேலை செய்யவில்லை என்று கடவுள், ஆன்மா பற்றிச் சொல்கிறார்.

ஆகவே என் வரிசையை இப்படி வைக்கிறேன். பிரேடாவில் கணக்கு வேலை செய்தது. வானவில்லுக்கு வேலை செய்தது, நரம்புக்கும் நீருக்கும் வேலை செய்தது. ஆனால் மனதில் தெளிவாகத் தெரிகிற கோடும் விகிதமும் வெளியே இருக்கிற உலகத்துக்கு ஏன் பொருந்த வேண்டும் என்பதற்கு ‘விதிகள்’ நூலில் பதில் இல்லை. பழைய ஏடு சொன்ன செக்ஸ்டஸின் கேள்வி அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதை அடைக்க அவருக்குக் கடவுள் தேவைப்பட்டார், உலகத்தையும் அதை அறிகிற மனதையும் ஒரே கையால் படைத்த கடவுள். செமினரி நூலகம் சொன்ன பள்ளிச் சரக்கு அப்போது கைகொடுத்தது.

#15 செமினரி நூலகம்

‘தேவைப்பட்டார்’ என்பதோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. அந்த ஒன்பது மாதத்தில் எழுதிய சிறு நூல் தொலைந்துவிட்டது, அது கிடைத்திருந்தால் நம் இருவரில் ஒருவர் வாயை மூடியிருப்போம். ஆனால் ‘விதிகள்’ நிறுத்தப்பட்ட இடம் முக்கியம் என்பதை ஏற்கிறேன். நான்காம் விதியையும் எட்டாம் விதியையும் எடுத்துவைத்துக்கொண்டு அடுத்து அதிலிருந்தே பேசுவோம். எட்டாம் விதியில் மனித அறிவு எதுவரை போக முடியும் என்று வாழ்நாளில் ஒரு முறையாவது ஆராய வேண்டும் என்கிறார். அந்த வரி உங்கள் தெம்புக் கதைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று எழுதுங்கள்.